டிராகன் வருடத்துப் போணி

கடை திறக்கும் முன்பே ஒரு வெள்ளைக்காரர் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் கியேம் அவருக்கு ஆரத்தி எடுக்காத குறையாக உள்ளே அழைத்துப் போயிருப்பான். இன்று அவரைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினான்.

மொட்டைத் தலை. வயது அறுபது இருக்கும். பூந்தூறலில் நனைந்து தொங்கிய மீசை. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு சாவி வைத்திருந்தார். சாவியில் சிவப்புக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு தகரச் சேவல். ‘பொற்சேவல் மோட்டார்ஸ்’ விற்கிற ஒவ்வொரு பைக்கின் சாவியிலும் தொங்குகிற அதே சேவல்.

கியேமுக்கு விஷயம் விளங்கிவிட்டது. போன வருடம் வண்டி வாங்கிய ஆள். வண்டி எங்கோ மலையில் மல்லாந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அதுவும் இன்றைக்கு!

நிலாக் கணக்கில் வருகிற வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஹனோயில் கடைகள் திறக்கிற நாள் அது. அன்றைக்கு வாசல்படி ஏறுகிற முதல் ஆளின் ராசிதான் வருடம் முழுக்கக் கடையில் குடியிருக்கும். சிரித்துக்கொண்டே வந்து, சொன்ன விலைக்கு வாங்கிப் போனால் வருடமெல்லாம் கொண்டாட்டம். தொட்டுப் பார்த்து, முகம் சுளித்து, ‘நாளைக்கு வரேன்’ என்று போனால் வருடமெல்லாம் அதே கதைதான். போன வருடம் முதல் ஆளாக வந்த ஒருவன் கடையிலிருந்த எல்லா வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, எல்லா ஹாரனையும் அடித்துப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனான். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடிக்கத்தான் வந்தார்கள்.

ஆகவே இந்த வருடம் முதலாளியம்மா தோவா அக்கா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பிராணியின் பெயர்; அவள் பிறந்தது சேவல் வருடம். முதல் போணிக்கு டிராகன் வருடத்து ஆள் வேண்டும், அதுவும் மனசு லேசான ஆளாக இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். பூனை வருடத்து ஆள் மட்டும் கூடவே கூடாது. சேவலுக்கும் பூனைக்கும் என்ன ஆகும் என்று ஜோசியர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

“போணி நல்லபடியா ஆச்சுன்னா ஹுவே ஊர்ல திறக்கப்போற கிளைக் கடைச் சாவி உன் கையில” என்று கியேமிடம் சொல்லியிருந்தாள். “சொதப்பிச்சுன்னா அந்தக் கடையே வேண்டாம். இந்த ராசியை அங்க வேற கொண்டு போகணுமா? நீ இங்கேயே செயினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுக் கிட.”

ஹுவேயில்தான் கியேமின் மனைவியும் மகளும் இருந்தார்கள், மாமனார் வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை, புத்தாண்டுக்குத்தான் அவன் போவான். நேற்று ரயில் ஏறும்போது மகள் கேட்டிருந்தாள்: “அப்பா, அடுத்த தடவை வரும்போது போகாம இருப்பியா?” இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்களைக் கவனிப்பதுதான் கடையில் அவன் வேலை. ஏழு மொழியில் மன்னிப்புக் கேட்பான். போன மாதம் பூராவும் செய்தி அனுப்பிய ஒவ்வொரு வெள்ளைக்காரரிடமும் ‘இன்சூரன்ஸுக்காக’ என்று சொல்லிப் பிறந்த வருடத்தைக் கேட்டான். டிராகனாக இருந்தால் அடுத்த கேள்வி: நீங்கள் சட்டென்று சிரிப்பவரா? அதற்கடுத்தது: உங்கள் வீட்டில் சமீபத்தில் யாராவது தவறினார்களா? இப்படிச் சலித்து எடுத்த மணி, நார்வேக்காரி இங்கிரிட். பிறந்தது எண்பத்தெட்டு. விலையும் பேசி முடித்தாகிவிட்டது. ‘ஒரு பைக் கடை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை’ என்று எழுதியிருந்தாள். எட்டு மணிக்கு வருவாள்.

வாசலிலோ இந்த மொட்டைத்தலை.

கியேம் வாயெல்லாம் பல்லாகப் புன்னகைத்து, தன் இரண்டு கையையும் விரித்து, அவருக்கும் ஷட்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அவர் சாவியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். தொண்டைக்குள் சரளைக்கல் உருள்வது போல ஒரு மொழி.

‘என்ன வேண்டும்?’ என்று கேட்க கியேமின் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டான். கேட்டுவிட்டால் அங்கேயே வியாபாரம் திறந்த மாதிரி. இந்த மனிதர் என்ன சொன்னாலும் அதுவே முதல் போணி ஆகிவிடும். எதை வேண்டுமானாலும் பேசலாம், அந்த ஒன்றை மட்டும் கேட்கக்கூடாது.

“சென் அக்கா!” என்று கூப்பிட்டான்.

பக்கத்து மரத்தடியில் டீ விற்கிற சென் அக்கா அப்போதுதான் கெண்டியை இறக்கிவைத்து ஸ்டூல்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“இவருக்கு ஒரு டீ. சூடா. எழுந்திரிக்க விடாதீங்க.”

“கட்டிப் போடச் சொல்றியா?”

“தீனி போடுங்க. என் கணக்கு.”

மொட்டைத்தலைக்காரர் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடியும் சரளைக்கல் உருண்டது. சென் அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டாரோ? நம்ம லுயென் அண்ணன் போதையில பேசுற மாதிரியே இருக்கு!”

கியேம் சிரிக்கக்கூட நேரமில்லாமல் ஷட்டரை ஆளுயரத்தில் பாதி மட்டும் தூக்கி உள்ளே நுழைந்தான். சாமி மாடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அவித்த கோழி வாயில் ரோஜாப்பூவைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடிப்படியில் தோவா அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். சிவப்புப் பட்டு நீளங்கி, காதில் தங்கம், இடுப்பில் சாவிக்கொத்து. கொத்தில் புதிதாக மின்னிய ஹுவே சாவியைத்தான் கியேமின் கண் முதலில் பார்த்தது.

“எங்க நம்ம வீட்டு மகராசன்?” என்றாள்.

மகராசன் என்றால் அவள் கணவர் லுயென். இளமையில் ரஷ்யாவில் நூற்பாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்தக் களைப்பை இன்றுவரை ஆற்றிக்கொண்டிருக்கிறவர். வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. ஒருமுறை வாடிக்கையாளருக்கு டீ கொடுக்கச் சொன்னதற்கு, டீயோடு சேர்த்து நாலு ஹெல்மெட்டையும் சும்மா கொடுத்தவர் அவர்.

“ஊதுபத்தி ஏத்திட்டு வாங்கன்னு விடியறதுக்கு முந்தி அனுப்பினேன். ஆளைக் காணோம்.”

கியேம் அவருடைய எண்ணை அழுத்தினான். கோழிக்குப் பக்கத்தில் போன் பாடியது.

“அதோ, வண்டி வரிசையில ஒரு ஓட்டை” என்றாள் தோவா அக்கா, கண்ணை இடுக்கி. “சிவப்பு வண்டியைக் காணோம். எடுத்துக்கிட்டு எவன் வீட்டுக்கோ புத்தாண்டுச் சரக்கு அடிக்கப் போயாச்சு. வரட்டும். எட்டு மணிப் பொண்ணு வருதில்ல?”

“வருது அக்கா. ஆனா வாசல்ல ஒரு சின்னச் சிக்கல்.”

அவள் குனிந்து ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். மொட்டைத்தலையைப் பார்த்தாள். அவர் விரலில் ஆடிய தகரச் சேவலைப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“திரும்பி வந்த வண்டியா?”

“அப்படித்தான் தெரியுது.”

“வருஷத்தோட முதல் காலடி வண்டியைத் திருப்பிக் குடுக்கிற காலடியா? அப்புறம் விக்கிற வண்டியெல்லாம் புறா மாதிரி திரும்பி வந்து நிக்கும்டா! அந்தாளு இந்தப் படியில கால் வெச்சான், நான் உன் காலை ஒடிப்பேன்.”

“என் காலை ஏன் அக்கா?”

“அவன் விருந்தாளி. அவன் காலை எப்படி ஒடிக்கிறது?”

கியேம் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வாழையிலை நிறத்தில் பச்சைப் பசேலென்று ஒட்டரிசிக் கட்டி, நடுவில் கொழுப்போடு பன்றிக்கறி, ஊறவைத்த வெங்காயம், சர்க்கரைத் தாமரை விதை. மொட்டைத்தலைக்காரரின் புருவம் உயர்ந்தது. சாவியை மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ‘அப்பாடா’ என்று கியேம் பெருமூச்சு விட்டான்.

அந்த மூச்சு முடிவதற்குள் முதுகில் பெரிய பைகளோடு ஒரு பிரேசில் ஜோடி வந்து நின்றது.

“காலை உணவு இலவசமா?” என்றாள் அந்தப் பெண், மகிழ்ச்சியோடு. “நாங்கள் பைக் வாங்க வந்தோம். இவர் முதலில் வந்தாரா? அப்படியானால் நாங்கள் இவருக்குப் பின்னால்.”

இரண்டு ஸ்டூல் கூடுதலாக வந்தது. தட்டும் இரண்டு வந்தது. அந்தப் பெண்ணிடம் கியேம் பேச்சோடு பேச்சாகப் பிறந்த வருடம் கேட்டான். அவள் எலி, அவன் பன்றி. இரண்டும் ஆகாது. “கடை இன்னும் திறக்கவில்லை, தேநீர் குடியுங்கள்” என்றான். அவர்கள் தட்டோடு தங்களைப் படம் எடுத்து எங்கோ அனுப்பினார்கள். அனுப்பிய இடத்திலிருந்து ஒரு நெட்டையான ஜெர்மன்காரன் வந்து சேர்ந்தான். நடைபாதையில் வரிசையாக நான்கு வெள்ளைக்காரர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தாமரை விதை கொறித்தார்கள்.

எதிர்க் கடைக்காரன் தாக் தன் கடை ஷட்டருக்குக் கீழே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் பைக் வியாபாரிதான்.

“என்ன கியேம், பைக் கடையை மூடிட்டு மெஸ் திறந்துட்டீங்களா?”

“உங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பட்டுமா அண்ணே?”

“அனுப்பு. கையோட ஒரு வெள்ளைக்காரனையும் சேர்த்து அனுப்பு. அந்த மொட்டைத்தலை வேண்டாம். பார்த்தாலே பஞ்சாயத்து பண்ண வந்த மாதிரி இருக்கு.”

எட்டு தாண்டிவிட்டது. இங்கிரிட் வரவில்லை. நல்ல நேரம் ஒன்பதோடு முடிகிறது.

கியேமுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ராசி கெட்டவன் வந்துபோனால் கடைக்காரர்கள் காகிதத்தைக் கொளுத்தி வாசலில் சுற்றிப் போடுவார்கள், திருஷ்டி கழிக்கிற மாதிரி. போன பிறகுதான் செய்வது வழக்கம். முன்கூட்டியே செய்தால் பாதியாவது கழியாதா? பழைய செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து, மொட்டைத்தலைக்காரரைச் சுற்றி மூன்று தடவை வந்து அவர் காலடியில் போட்டான்.

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. குளிருக்கு மூட்டிய தீ என்று நினைத்துவிட்டார். கையுறையைக் கழற்றி, தீயில் கை காய்ச்சினார். பிரேசில்காரி தன் கையையும் நீட்டினாள். ஜெர்மன்காரன் பையிலிருந்து வரைபடம் ஒன்றை எடுத்துக் கிழித்துத் தீயில் போட்டான். “என்ன ஒரு உபசரிப்பு!” என்றான்.

“பேஷ்” என்றாள் சென் அக்கா. “பீடையை விரட்டச் சொன்னா அதுக்கு வெந்நீர் போட்டுக் குடுக்கிறே.”

உற்சாகம் வந்துவிட்ட மொட்டைத்தலைக்காரருக்கு, இரண்டு கெண்டி டீயின் விளைவும் சேர்ந்து வந்தது. எழுந்தார். வயிற்றுக்குக் கீழே கையைக் காட்டினார். கடையை நோக்கி நடந்தார்.

கழிப்பறை கடைக்குள்தான் இருந்தது.

கியேம் பாய்ந்து அவர் கையைப் பிடித்து, தூறலில் தரதரவென்று எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினான். “தாக் அண்ணே, ஒரு நிமிஷம், இவர் உங்க கழிப்பறைக்கு…”

தாக் ஒரே இழுப்பில் ஷட்டரைத் தரைவரை இறக்கினான். உள்ளிருந்து குரல் வந்தது: “டேய்! எனக்கும் இன்னைக்குத்தான்டா போணி! முதல் ஆளா ஒருத்தன் வந்து ஒண்ணுக்குப் போனா என் வருஷம் என்னடா ஆகும்?”

கடைசியில் சென் அக்காதான் சந்துக்குள் இருந்த தன் வீட்டைக் காட்டினாள். “எனக்கு ராசி, நேரம் எதுவும் கிடையாது. தண்ணி மட்டும் ஊத்தச் சொல்லு.”

சந்திலிருந்து திரும்பி வந்தபோது இங்கிரிட் வந்திருந்தாள். மஞ்சள் மழைச்சட்டை, கன்னம் சிவந்த சிரித்த முகம். ஜோசியர் சொன்ன மனசு லேசான ஆளை அச்சில் வார்த்த மாதிரி. கியேமுக்கு அழுகையே வந்துவிட்டது.

“வாருங்கள், வாருங்கள்! உள்ளே வாருங்கள்!”

இங்கிரிட் அசையவில்லை. வரிசையைப் பார்த்தாள். “ஆனால் இவர்களெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள்.”

“நீங்கள் முன்பதிவு செய்தவர்.”

“நான் தாமதமாக வந்தேன். இவர்கள் மழையில் காத்திருக்கிறார்கள். அதுவும் இந்தப் பெரியவர்…” மொட்டைத்தலைக்காரரிடம் திரும்பி மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் யோசித்து இரண்டு வார்த்தை சொன்னார். “மோட்டார்சைக்கிள். காத்திருக்கிறேன்.”

“பார்த்தீர்களா? மோட்டார்சைக்கிளுக்காகக் காத்திருக்கிறார். இவர்தான் முதலில் போக வேண்டும். நான் ஐந்தாவது.” போய் ஜெர்மன்காரனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிரேசில் ஜோடி கைதட்டியது.

கியேம் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவன். ஏமாற்றுக்காரர், எச்சில்கையால் காக்கை ஓட்டாதவர், பிரேக் எங்கே என்று தெரியாமல் மலைப்பாதை போகிறவர் எல்லோரையும் சமாளித்திருக்கிறான். இவ்வளவு நியாயமான ஆளை மட்டும் எப்படிச் சமாளிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் வரிசை என்று ஒன்றை யாரும் கண்டதில்லை. இன்றைக்குப் பார்த்து அவனே தட்டு வைத்து ஒரு வரிசையை உட்கார வைத்திருக்கிறான், ஆகாத ஆளை முதலில் வைத்து.

ஷட்டருக்கு அடியிலிருந்து தோவா அக்காவின் குரல் சீறியது: “கால்மணி நேரம்தான் இருக்கு! என்ன அங்க கல்யாணப் பந்தியா நடக்குது?”

“அக்கா, பொண்ணு வரிசையில நிக்குது!”

“கையைப் பிடிச்சு இழுடா!”

“இழுத்தா முகம் கோணிடும். முகம் கோணினா ராசி போயிடும்.”

பிறகு தோவா அக்காவே சொன்னாள்: “பின்வாசல்.”

கியேமின் மூளையில் விளக்கு எரிந்தது. இங்கிரிட்டிடம் போய்க் காதோடு சொன்னான்: “நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். பின்பக்கம் வந்து எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.”

“அது வரிசையை மீறுவது ஆகாதா?”

“கேட்பதற்கு வரிசை கிடையாது.”

அவள் நியாயமாக யோசித்து, சரி என்றாள். சந்து வழியாக, யார் வீட்டுத் துணிக்கொடிக்கோ குனிந்து, கோழிக்கூண்டைத் தாண்டி, அடுப்படி வழியாக அவளைக் கடைக்குள் கொண்டு வந்தான். இங்கிரிட் வலதுகாலை வைத்தாள். தோவா அக்கா இரு கையாலும் அதிர்ஷ்டக் காசு வைத்த சிவப்பு உறையை நீட்டினாள். கோழியின் வாயிலிருந்த ரோஜாவையே எடுத்துக் கொடுத்தாள். கியேம் நீல வண்டியை உதைத்தான். ஒரே உதையில் பிடித்துக்கொண்டு பாடியது.

“ஓ!” என்றாள் இங்கிரிட். “இது போதும். நான் எடுத்துக்கொள்கிறேன். வரிசை…” என்று கொஞ்சம் தயங்கி, “அவர்களுக்கு வேறு வண்டிகள் இருக்கின்றன, இல்லையா?” என்று கேட்டுச் சிரித்தாள். முழு விலையையும் எடுத்து வைத்தாள். பேரம் இல்லை. சுளிப்பு இல்லை. ஒன்பதுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

தோவா அக்கா சாவிக்கொத்திலிருந்து ஹுவே சாவியைக் கழற்ற ஆரம்பித்தாள். கியேம் கையை நீட்டத் தயாராக, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் வாங்கு. மாடத்துல பேர் சொல்லி வேண்டிக்கணும்” என்றாள் அக்கா.

அவன் வாங்கிக் கொடுத்தான். அவள் பார்த்தாள். விரல் கணுக்களில் கட்டைவிரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். சாவி மறுபடி கொத்துக்குள் போயிற்று.

“டேய்.”

“அக்கா?”

“வருஷம் எண்பத்தெட்டு, சரி. மாசம் கேட்டியா?”

“மாசம் எதுக்கு…” என்று ஆரம்பித்தவன் பாஸ்போர்ட்டை எட்டிப் பார்த்தான். ஜனவரி. அந்த வருடம் புத்தாண்டு பிறந்தது பிப்ரவரியில். ஜனவரியில் பிறந்தவளுக்கு டிராகன் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் முந்தின வருடம். முந்தின வருடம்…

“பூனை” என்றாள் தோவா அக்கா, சுவரில் சாய்ந்தபடி. “சேவல் கடைக்குள்ள, அடுப்படி வழியா, கோழிக்கூண்டைத் தாண்டி, பின்வாசல்ல ஒரு பூனையைக் கொண்டாந்து விட்டிருக்கியேடா!”

இங்கிரிட் ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் கைகூப்பினாள்.

அதன் பிறகு கியேமுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஷட்டரை முழுதாகத் தூக்கினான். எல்லோரையும் உள்ளே விட்டான். மனம் விட்டுப்போன ஆளுக்கு வியாபாரம் எப்படி வரும் என்றால், மழை மாதிரி வரும். பிரேசில் ஜோடி இரண்டு வண்டி எடுத்தது. ஜெர்மன்காரன் காலுக்கு எட்டுகிற ஒரே வண்டியை எடுத்தான். மழைச்சட்டை, கண்ணாடி, சாமான் கட்டுகிற ரப்பர் கயிறு எல்லாம் போயின. ‘சாலையில் எருமை உங்களைப் பார்க்காது, நீங்கள்தான் எருமையைப் பார்க்க வேண்டும்’ என்று வழக்கமான பாடத்தையும் சொல்லிக்கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பேரம் பேசவில்லை. காலைச் சாப்பாடு போட்டவனிடம் யார் பேரம் பேசுவார்கள்?

“கண்ணு வைக்காதே” என்றாள் தோவா அக்கா, கல்லாவுக்குப் பின்னால் தலையைப் பிடித்தபடி. “இன்னைக்கு இப்படித்தான் மினுக்கும். பூனை பால் குடிக்கிற வரைக்கும் சத்தம் போடாது.”

மொட்டைத்தலைக்காரர் மட்டும் உள்ளே வரவில்லை. ஸ்டூல் பழகிவிட்டது போலிருக்கிறது. சென் அக்காவின் தட்டுகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே இருந்தார்.

கியேம் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இனிமேல் கேட்டால் என்ன? கேட்கலாம்தான். ஆனால் மகளுக்கு என்ன சொல்வது என்றுதான் மனசு சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தட்டில் மிச்சமிருந்த தாமரை விதையை அவன் கையில் கொட்டி முதுகில் தட்டிக்கொடுத்தார். முரட்டு ஆள், ஆனால் கை மிருதுவாக இருந்தது. திருப்பிக் கொடுக்க வந்த வண்டியை நல்ல விலைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று கியேம் முடிவு செய்தான்.

உள்ளே தோவா அக்கா போனை எடுத்திருந்தாள். கடை வேண்டாம் என்று சொல்ல, ஹுவே கட்டடத்துச் சொந்தக்காரரின் எண். மணி அடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

“அக்கா, ஒரு நாள் பொறுங்களேன்.”

“பூனை ராசியை ஊர் ஊரா கொண்டுபோகச் சொல்றியா? உன் மேல எனக்குக் கோவம் இல்லடா. விதி. போய் அந்த ஜெர்மன்காரன் செயினுக்கு எண்ணெய் போடு.”

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, பாட்டு மாதிரி. சிவப்பு வண்டி வந்தது. ஹேண்டிலில் ஒரு பீச் மலர்க்கிளை கட்டியிருந்தது. இடதுபக்க ஹேண்டிலில் பின்னால் வருவதைப் பார்க்கிற புத்தம் புதிய கண்ணாடி. மேலே, மூக்கு சிவந்து, வழியில் எத்தனை நண்பர்கள் வீடு உண்டோ அத்தனையிலும் இறங்கி வந்த முகத்தோடு லுயென் அண்ணன்.

“வந்துட்டாருய்யா மகராசன்!” என்று தோவா அக்கா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தாள். “புது வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் மேயப் போனவருக்கு இப்பத்தான் வீடு ஞாபகம் வந்ததா?”

லுயென் அண்ணன் அவளைக் கவனிக்கவே இல்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு, மாற்றுச் சாவியை உருவிக்கொண்டு, நேராக ஸ்டூல்காரரிடம் போய் இரு கையையும் விரித்தார். அவர் தொண்டையிலிருந்தும் அதே சரளைக்கல் உருண்டது. மொட்டைத்தலைக்காரர் துள்ளி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தபலா வாசித்தார்கள்.

“நான் சொல்லல?” என்றாள் சென் அக்கா. “அதே பேச்சு!”

மொட்டைத்தலைக்காரர் சட்டைப்பையிலிருந்து சேவல் சாவியை எடுத்து, சிவப்பு வண்டியில் நுழைத்துத் திருப்பினார். விளக்கு எரிந்தது. தோவா அக்காவின் போனில் யாரோ “ஹலோ, ஹலோ, ஹுவேயிலிருந்து பேசுறேன், சொல்லுங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள்.

லுயென் அண்ணன் நடைபாதையில் கிடந்த காலித் தட்டையும் கரிந்த காகிதத்தையும் குட்டி ஸ்டூலையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கியேமைப் பார்த்தார்.

“அடப்பாவி, விடியக்காலைல நான் ஊதுபத்தி ஏத்துறப்பவே வலதுகாலை வெச்சு உள்ள வந்து, பேரம் பேசாம முதல் போணி பண்ணின டிராகன் வருஷத்து மனுஷனை, நான் அவர் வண்டிக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள தெருவுல உக்கார வெச்சுட்டியேடா!”